ரப்பர் பால் கணக்குக்கு ஒரு பக்கம்: பிரவுசரிலேயே இயங்குவதைக் கட்டும் முழு வரிசை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் சிறிய ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள் வியாபாரிக்குப் பால் கொடுத்த கணக்கைப் பெரும்பாலும் நோட்டில்தான் எழுதுகிறார்கள். தேதி, பாலின் எடை, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் விழுக்காடு), கிலோ விலை. இந்த நான்கையும் வாங்கி, உலர் ரப்பர் எத்தனை கிலோ, கைக்கு எவ்வளவு வரவேண்டும் என்று உடனே காட்டி, மாத மொத்தமும் சேர்த்து வைக்கும் ஒரு பக்கத்தை இங்கே கட்டப்போகிறோம். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் போதும். சர்வரில் இயங்கும் நிரலோ டேட்டாபேஸோ வேண்டாம்.

புதிதாகக் கற்கிறவர்கள் இதைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. திரையையே கணக்கு நோட்டாக நினைத்துவிடுகிறார்கள். பட்டனும் நிறமும் முதலில் வருகின்றன. தகவல் எங்கே இருக்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்குமுன் வேண்டியவை

வி.எஸ். கோட் எடிட்டர், அதில் லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன், குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ், ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன். இவ்வளவு போதும்.

லைவ் சர்வர் எதற்கு? அது நம் கணினியிலேயே ஒரு சிறு சர்வரை ஓட்டி, அதன் வழியாகப் பக்கத்தைத் திறந்து காட்டும். ஃபைலை இரண்டு முறை தட்டித் திறந்தாலும் பக்கம் வரும். ஆனால் அப்படித் திறந்த பக்கத்தில் மாட்யூல் ஸ்கிரிப்டுகள் ஏறாது, நெட் இல்லாமலும் பக்கம் திறக்க உதவும், பிற்பாடு வரும் சர்வீஸ் வொர்க்கரும் இயங்காது. பாதி வேலை முடிந்தபிறகு இது தெரியவந்தால், பிழை நம் கோடில்தான் என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவோம்.

ஃபைல் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. பக்கத்தை இணையத்தில் ஏற்றிவைக்கும் கிட்ஹப் பேஜஸ் பார்க்கும். வீட்டில் ஓடியது வெளியே ஓடவில்லை என்ற புகார்களில் பல இதிலிருந்தே வருகின்றன.

வேரியபிள், ஃபங்ஷன், அரே, ஆப்ஜெக்ட், இஃப் நிபந்தனை ஆகியவை ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ரியாக்ட் போன்ற ஆயத்த நூலகங்கள் எதுவும் இப்போது வேண்டாம். அவை செய்யும் வேலையை ஒரு முறை கையால் செய்து பார்த்தவருக்குத்தான் அவை பிற்பாடு புரியும்.

2. கணக்கைக் காகிதத்தில் முடித்துவிடுங்கள்

டி.ஆர்.சி. என்பது பாலில் இருக்கும் உலர் ரப்பரின் விழுக்காடு. நல்ல பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 வரை இருக்கும். மழைநீர் கலந்தால் இறங்கும். 42.5 கிலோ பால், டி.ஆர்.சி. 34 என்றால் 42.5 ஐ 34 ஆல் பெருக்கி 100 ஆல் வகுக்க வேண்டும்: 14.45 கிலோ உலர் ரப்பர். கிலோ விலை 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,601 ரூபாய்.

இதே மாதிரி நாலைந்து கணக்கைக் கையால் போட்டு எழுதி வையுங்கள். நிரல் சரியா தவறா என்று சொல்லப்போவது இந்தத் தாள்தான்.

இந்தக் கட்டத்தில் வெளியே வரும் ஒரு செய்தி மிக முக்கியம். பாலின் மாதிரியை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்த பிறகுதான் டி.ஆர்.சி. தெரியும் இடங்கள் உண்டு. எடை இன்று தெரியும், விழுக்காடு நாளையோ அதற்கப்புறமோ வரும். அப்படியானால் டி.ஆர்.சி. பெட்டி காலியாக இருப்பதும் சரியான பதிவுதான். காலி வேறு, பூஜ்யம் வேறு. காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் அன்றைய வரவு 0 ரூபாய் என்று பக்கம் காட்டும். பார்ப்பவருக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விடும். இதைக் கோடு எழுதும்போது கண்டுபிடிக்க முடியாது, பால் கொடுப்பவரிடம் கேட்டால்தான் தெரியும்.

3. எச்.டி.எம்.எல். எலும்புக்கூடு

தலைப்பகுதியில் முதல் வரியாகவே எழுத்துக் குறியாக்கம் யு.டி.எஃப். 8 என்று சொல்லிவிடுங்கள். இந்த வரி ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்து வரக்கூடும். அடுத்து வியூபோர்ட் மெட்டா டேக். அது இல்லாமல் போனில் எல்லாம் கடுகளவில் தெரியும். மொழி தமிழ் என்று லாங் பண்பில் குறித்தால், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் தமிழாகப் படிக்கும்.

நான்கு பெட்டிகளையும் ஒரு ஃபார்முக்குள் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் லேபிள் டேக் வேண்டும். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டர் எழுத்தை லேபிளாக நம்பாதீர்கள். தட்டச்சு தொடங்கியதும் அது மறைந்துவிடும், எந்தப் பெட்டி எது என்று குழப்பம் வரும்.

எடை, டி.ஆர்.சி., விலை பெட்டிகளுக்கு எல்லாரும் நம்பர் வகையைத்தான் போடுவார்கள். போட்டால் ஸ்டெப் பண்பையும் எனி என்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அதன் மதிப்பு 1, 34.5 என்று அடித்தால் பிரவுசர் ஏற்காது. நான் பரிந்துரைப்பது டெக்ஸ்ட் வகையும் இன்புட்மோட் டெசிமலும். போனில் எண் பலகைதான் வரும், ஆனால் பயனர் அடித்தது அப்படியே கைக்குக் கிடைக்கும். நம்பர் வகையில், பிரவுசருக்குப் புரியாத எதையாவது அடித்தால் நமக்கு வெறும் காலிதான் வந்து சேரும். என்ன தவறு என்று பயனருக்குச் சொல்ல வழியிருக்காது.

விடை வரும் இடத்துக்கு அவுட்புட் டேக். அதில் மாறுவதைத் திரைவாசிப்பான் தானாகச் சொல்லும். கீழே பதிவுகளுக்கு ஒரு காலிப் பட்டியல்.

சி.எஸ்.எஸ். பக்கம் இப்போது போகவே வேண்டாம்.

4. ஸ்கிரிப்டை இணைத்தல்

தலைப்பகுதியில் ஸ்கிரிப்ட் டேக் போட்டு டிஃபர் என்று சேருங்கள். அது இல்லாவிட்டால் பக்கத்தின் உடல் உருவாகும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடும். தேடிய பெட்டி இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் நல், அதாவது எதுவும் இல்லை என்ற மதிப்பு, வரும். கன்சோலில் நல்லின் பண்பைப் படிக்க முடியவில்லை என்று சிவப்பில் ஒரு வரி தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள், அதன்பின் ஐ.டி. பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

எஃப்12 அழுத்தி கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

5. தகவலுக்கு ஒரே இடம்

வழிகாட்டியின் நடுமையம் இதுதான்.

பதிவுகள் என்று ஒரு அரே வையுங்கள். ஒவ்வொரு நாள் கொடுப்பும் அதில் ஒரு ஆப்ஜெக்ட்: ஐ.டி., தேதி, எடை, டி.ஆர்.சி., விலை. டி.ஆர்.சி. இன்னும் வரவில்லை என்றால் அங்கே நல். பக்கத்தின் முழு உண்மையும் இந்த அரேயில்தான் இருக்கிறது. திரையில் தெரிவது அதைப் பார்த்து வரைந்தது, அவ்வளவுதான்.

உலர் எடையையும் தொகையையும் இதில் சேமிக்காதீர்கள். அவை கணக்கிட்டு வருபவை. சேமித்து வைத்தால், டி.ஆர்.சி.யைத் திருத்தும்போது தொகையையும் திருத்த நினைவிருக்க வேண்டும். ஒரு நாள் மறக்கும், இரண்டும் முரண்படும்.

மாத மொத்தத்தைத் திரையில் தெரியும் எண்ணிலிருந்து படித்து, புதிய தொகையைக் கூட்டி, மறுபடி திரையில் எழுதுவதுதான் பலரும் செய்வது. ஒரு பதிவை நீக்கும்போது கழிக்க வேண்டும், திருத்தும்போது கழித்துக் கூட்ட வேண்டும் என்று அது கிளை விட்டுக்கொண்டே போகும். அரேயிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டினால் இந்தச் சிக்கல் எதுவும் எழாது. சில நூறு பதிவுகளைக் கூட்டுவது பிரவுசருக்கு ஒரு வேலையே அல்ல.

6. கணக்கு ஃபங்ஷன்

திரையைத் தொடாத ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். எடை, டி.ஆர்.சி., விலை மூன்றையும் வாங்கி, உலர் எடையையும் தொகையையும் திருப்பித் தர வேண்டும். டி.ஆர்.சி. நல் என்றால் நல்லையே திருப்பட்டும். திரையைத் தொடாததால் கன்சோலில் தனியாகக் கூப்பிட்டு, காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2,601 வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடுத்து, பெட்டியில் அடித்ததை எண்ணாக மாற்ற இன்னொரு சிறு ஃபங்ஷன். பெட்டியிலிருந்து வருவது எப்போதும் எழுத்துச் சரம்தான். 12 ஐயும் 8 ஐயும் கூட்டினால் 128 என்று வருவது அதனால்தான். மாற்றும் வரிசை இது: முன்பின் இடைவெளிகளை நீக்கு, காலியா என்று பார், காலி என்றால் நல் திருப்பு, காற்புள்ளி இருந்தால் புள்ளியாக்கு, பிறகு நம்பர் ஃபங்ஷனுக்குக் கொடு, கடைசியில் அது உண்மையான எண்தானா என்று நம்பர் இஸ்ஃபைனைட் கொண்டு சரிபார். காலி என்ற சோதனை முன்னால் வர வேண்டும். ஏனென்றால் காலிச் சரத்தை நம்பர் ஃபங்ஷனிடம் கொடுத்தால் அது 0 என்று திருப்பும். சரத்தை எண்ணாக்கும் இன்னொரு ஃபங்ஷனான பார்ஸ்ஃப்ளோட் வேண்டாம். 34,5 என்று அடித்தால் அது சத்தமில்லாமல் 34 என்று எடுத்துக்கொள்ளும். அரை விழுக்காடு போய்விடும், யாருக்கும் தெரியாது.

தொகைகளைக் கூட்டும்போது பைசாவாக, முழு எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1 உம் 0.2 உம் சேர்ந்தால் 0.30000000000000004. தசமங்கள் உள்ளே இரும எண்களாக இருப்பதன் விளைவு இது. ஒரு நாள் தொகையை 100 ஆல் பெருக்கி மேத் ரவுண்ட் செய்து பைசாவாக்கி, பைசாக்களைக் கூட்டி, காட்டும்போது மட்டும் ரூபாயாக்கினால் மொத்தம் பிசகாது.

புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று வரையறுக்கும் டூஃபிக்ஸ்டு பற்றி ஒரு எச்சரிக்கை. அது எண்ணைத் தருவதில்லை, சரத்தைத் தருகிறது. 14.45 கிலோவும் 12.10 கிலோவும் சேர்ந்த மொத்தம் என்று திரையில் 14.4512.10 தெரிந்தால், கணக்கின் நடுவில் எங்கோ டூஃபிக்ஸ்டு புகுந்திருக்கிறது. அழகுபடுத்துவது வரையும் கட்டத்தில் மட்டும். லட்சக் காற்புள்ளியும் ரூபாய்க் குறியும் வேண்டுமானால் இன்டில் நம்பர்ஃபார்மேட் இருக்கிறது. இந்திய வட்டாரத்தைக் கொடுத்தால் 1,23,456 என்று நம் முறையிலேயே காட்டும்.

7. வரையும் ஃபங்ஷன்

அரேயைப் பார்த்துப் பட்டியலையும் மொத்தத்தையும் வரைய ஒரே ஒரு ஃபங்ஷன். கூப்பிடும்போதெல்லாம் பழைய பட்டியலைத் துடைத்துவிட்டு முழுதாக வரையட்டும். மாறிய வரியை மட்டும் மாற்றலாமே என்று தோன்றும். இந்த அளவுப் பக்கத்துக்கு அது வீண் சிக்கல்.

ஆனால் தட்டச்சு செய்யும் பெட்டிகளை இதில் சேர்க்காதீர்கள். பெட்டியையே துடைத்து மறுபடி உருவாக்கினால் கர்சர் போய்விடும். போனில் விசைப்பலகை ஒவ்வொரு எழுத்துக்கும் மூடிக்கொள்ளும்.

எழுத்தைத் திரையில் வைக்க டெக்ஸ்ட்கன்டென்ட் பயன்படுத்துங்கள். இன்னர் எச்.டி.எம்.எல். குறுக்குவழி போலத் தெரியும். நாளைக்கு வியாபாரி பெயர் என்று ஒரு பெட்டி சேர்த்து, அதில் யாராவது டேக் குறிகளோடு எழுதினால், பிரவுசர் அதை எழுத்தாகப் பார்க்காமல் பக்கத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொள்ளும். அந்த வழியில் வேறொருவரின் கோடும் ஓடலாம்.

டி.ஆர்.சி. வராத வரிகளுக்குத் தொகைக்குப் பதிலாக டி.ஆர்.சி. வரவில்லை என்றே எழுதுங்கள். மாத மொத்தத்தின் கீழும் எத்தனை நாள் கணக்கு நிலுவையில் இருக்கிறது என்று காட்டுங்கள். பணம் வாங்கப் போகும்போது தோட்டக்காரருக்கு மொத்தத்தைவிட இந்த வரிதான் அதிகம் உதவும்.

8. நிகழ்வுகள்

இப்போதுதான் பட்டன் உயிர்பெறுகிறது. பதிவுகளை மாற்றும் ஒவ்வொரு நிகழ்வும் செய்ய வேண்டியது ஒரே சங்கிலி: அரேயை மாற்று, சேமி, வரை. இந்த மூன்றைத் தவிர நிகழ்வுக்குள் வேறு கணக்கு வேலை எதுவும் வேண்டாம்.

பட்டனின் கிளிக்கைக் கேட்காமல் ஃபார்மின் சப்மிட் நிகழ்வைக் கேளுங்கள். போன் விசைப்பலகையின் என்டர் அழுத்துபவர்களும் அதில் அடங்குவார்கள். முதல் வரியாக, பிரவுசர் தானாகச் செய்வதைத் தடுக்கும் பிரிவென்ட் டிஃபால்ட் இருக்க வேண்டும். அது விட்டுப்போனால் பக்கம் ஒரு கணம் மின்னி மறுபடி ஏறும், பெட்டிகள் காலியாகும். ஃபார்முக்குள் இருக்கும் எந்தப் பட்டனும், வேறு வகை என்று சொல்லாவிட்டால், சப்மிட் பட்டன்தான். அழி, ரத்து போன்றவற்றுக்கு டைப் பட்டன் என்று எழுதியாக வேண்டும்.

நிகழ்வோடு ஃபங்ஷனை இணைக்கும் ஆட் ஈவென்ட் லிசனருக்கு ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். பின்னால் அடைப்புக்குறி போட்டால் அது அந்தக் கணமே ஓடிவிடும். பட்டனை அழுத்தும்போது எதுவும் நடக்காது.

அடிக்க அடிக்க விடை தெரிய இன்புட் நிகழ்வு. சேஞ்ச் நிகழ்வு பெட்டியை விட்டு வெளியே வந்தபிறகுதான் எழும்.

நீக்கும், திருத்தும் பட்டன்களுக்கு வருவோம். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக லிசனர் வைத்தால், மறுபடி வரையும்போது பழைய பட்டன்களோடு அவையும் போய்விடும். பட்டியல் முழுவதற்கும் ஒரே லிசனர் வையுங்கள். பட்டனில் விழும் கிளிக் பட்டியல் வரை மேலே ஏறிவரும். க்ளோசெஸ்ட் கொண்டு எந்த வரி என்று கண்டுபிடிக்கலாம். வரியை அடையாளம் காண ஐ.டி.யை டேட்டா பண்பில் எழுதுங்கள், அரேயில் எத்தனையாவது இடம் என்பதை எழுதாதீர்கள். பட்டியலைத் தேதிப்படி மாற்றி அடுக்கினாலோ ஜூன் மாதம் மட்டும் காட்டினாலோ திரையில் மூன்றாவது வரி அரேயில் மூன்றாவதாக இருக்காது. தப்பான நாளின் கணக்கு அழிந்துபோகும்.

ஐ.டி.க்கு, அந்தக் கணத்தின் நேரத்தை எண்ணாகத் தரும் டேட் நவ் போதும். பிரவுசரில் உள்ள கிரிப்டோ ஆப்ஜெக்டின் ரேண்டம் யு.யு.ஐ.டி. நல்லதுதான், ஆனால் அது எச்.டி.டி.பி.எஸ்.ஸிலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டுமே கிடைக்கும். வீட்டு வைஃபை வழியாகக் கணினியின் ஐ.பி. முகவரியைப் போனில் திறந்து சோதிக்கும்போது அது இல்லை என்று நிற்கும்.

ஐ.டி. டேட்டா பண்பிலிருந்து சரமாகத் திரும்பி வரும் என்பதையும் மறக்காதீர்கள். எண்ணாக மாற்றாமல் மூன்று சமக்குறியால் ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது.

9. விடியற்காலைத் தேதி

பக்கம் திறந்ததும் இன்றைய தேதி தானாக வந்தால் வசதி. அதற்கு இணையத்தில் அடிக்கடி கிடைக்கும் வழி, டூ ஐ.எஸ்.ஓ. ஸ்ட்ரிங் செய்து முதல் பத்து எழுத்தை வெட்டுவது. நம் ஊருக்கு இது சரிப்படாது. அது தருவது யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தின் தேதி, இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. பால் வெட்டுக்கு இருட்டிலேயே தலையில் விளக்கோடு இறங்குகிறவர்கள் உண்டு. காலை 5 மணிக்குப் பக்கத்தைத் திறந்தால் நேற்றைய தேதி நிற்கும். பகலில் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

ஆண்டு, மாதம், நாளைத் தனித்தனியாக உள்ளூர் நேரத்தில் எடுத்துச் சேருங்கள். கெட்மன்த் ஜனவரியை 0 என்று எண்ணும், 1 கூட்ட வேண்டும். ஓரிலக்கமாக வந்தால் முன்னால் ஒரு 0. இப்படி 2025-06-05 என்ற வடிவில் சரமாக வைத்தால் அகரவரிசையே தேதி வரிசையாகிவிடும். முதல் ஏழு எழுத்து ஒத்திருந்தால் ஒரே மாதம்.

10. சேமிப்பு

பிரவுசரே தரும் லோக்கல் ஸ்டோரேஜ் இதற்குப் போதும். ஏறக்குறைய 5 எம்.பி. இடம் கிடைக்கும். அது சரத்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். அரேயை ஜேசன் ஸ்ட்ரிஞ்சிஃபை செய்து வைத்து, எடுக்கும்போது ஜேசன் பார்ஸ் செய்யுங்கள். முதல்முறை திறப்பவரிடம் எதுவும் இருக்காது, நல் வரும். அப்போது காலி அரே என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் தொடங்கும்போது படிப்பது முதலில், வரைவது இரண்டாவது. மாறினால் சேமித்ததெல்லாம் போய்விட்டது போலக் காலிப் பட்டியல் தெரியும்.

சேமிப்பு முகவரிக்கு முகவரி தனி. லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 இரண்டும் நம் கணினியையே குறித்தாலும், ஒன்றில் பதிந்தது மற்றதில் தெரியாது. மாறாக, கிட்ஹப் பேஜஸில் உங்கள் கணக்கில் உள்ள எல்லாப் பக்கங்களும் ஒரே முகவரியின் கீழ் வருவதால் சேமிப்பைப் பகிர்ந்துகொள்ளும். சேமிக்கும் பெயரான சாவிக்கு டேட்டா என்று பொதுப்பெயர் வைக்காமல், இந்தப் பக்கத்துக்கே உரிய பெயர் வையுங்கள்.

பிரவுசிங் டேட்டாவை அழித்தால் கணக்கும் சேர்ந்து அழியும். போன் மாறினாலும் கூட வராது. இதைப் பயனரிடம் மறைக்கக் கூடாது. எக்செல் போன்றவற்றில் திறக்கும் சி.எஸ்.வி. ஃபைலாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் கட்டாயம் வேண்டும். ஒருவருடைய வருமானக் கணக்கை வாங்கி வைத்துக்கொள்ளும் பக்கம், அதைத் திருப்பித் தரவும் தெரிந்திருக்க வேண்டும்.

11. சிக்னல் இல்லாத இடத்துக்கு

கீரிப்பாறை, பேச்சிப்பாறை மலையோரத் தோட்டங்களுக்குள் நெட் எல்லா இடத்திலும் நிற்காது. ஒரு முறை திறந்த பக்கம் நெட் இல்லாமலும் திறக்க சர்வீஸ் வொர்க்கர் வேண்டும். மற்றதெல்லாம் சரியாக ஓடியபிறகே இதைத் தொடுங்கள். முன்னதாகவே சேர்த்தால், நீங்கள் திருத்திய கோடுக்குப் பதிலாகக் கேஷில், அதாவது பிரவுசர் வைத்திருக்கும் நகலில், உள்ள பழைய கோடு ஓடிக்கொண்டிருக்கும்.

தனி ஃபைலாக, பக்கம் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். அது கீழ் ஃபோல்டரில் இருந்தால் அந்த ஃபோல்டரை மட்டுமே ஆளும். இன்ஸ்டால் நிகழ்வில் ஃபைல்களைக் கேஷில் போடு. ஃபெட்ச் நிகழ்வில் கேஷில் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் நெட்டுக்குப் போ. ஆக்டிவேட் நிகழ்வில் பழைய கேஷை அழி. பட்டியலில் ஒரு ஃபைல் பெயர் தவறினாலும், கேஷில் சேர்க்கும் ஆட் ஆல் முழுவதுமாகத் தோற்கும், ஒன்றும் சேராது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கேஷ் பெயரில் உள்ள எண்ணை மாற்றுங்கள்.

கிட்ஹப் பேஜஸில் பக்கம் பெரும்பாலும் ஒரு உள்ஃபோல்டரில் இருக்கும். சாய்கோட்டில் தொடங்கும் பாதைகள் அங்கே உடையும். புள்ளியும் சாய்கோடுமாகத் தொடங்குங்கள்.

12. தோற்றமும் போன் சோதனையும்

இப்போது சி.எஸ்.எஸ். பெட்டிகளின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோன் பெட்டியைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். பட்டன்கள் 48 பிக்சல் உயரமாவது இருக்கட்டும், பால் ஒட்டிய விரலால் அழுத்துவார்கள். வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து. மங்கலான சாம்பல் எழுத்து வெயிலில் தெரியாது. நீக்கும் பட்டனைச் சேர்க்கும் பட்டனின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

போனில் இந்த வரிசையில் சோதியுங்கள். காகிதத்தில் போட்ட கணக்குகளை எல்லாம் பதியுங்கள். டி.ஆர்.சி.யைக் காலியாக விட்டு ஒன்று பதிந்து, பிறகு அதைத் திருத்துங்கள். 34,5 என்று அடித்துப் பாருங்கள். 345 என்றும் அடித்துப் பாருங்கள். 100 க்கு மேல் போனால் பக்கம் ஏற்கக் கூடாது. 20 க்குக் கீழே இருந்தால் சரியா என்று கேட்கட்டும், ஆனால் தடுக்க வேண்டாம், மழைக்காலப் பாலில் என்ன வரும் என்பது தோட்டக்காரருக்குத்தான் தெரியும். நடுவில் உள்ள பதிவை நீக்கி மொத்தத்தைப் பாருங்கள். பிரவுசரை முழுதாக மூடி, ஏரோபிளேன் மோடு போட்டு, மறுபடி திறந்து, ஒரு புதிய பதிவைச் சேருங்கள்.

அதன்பிறகு போனைத் தோட்டக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் விரல் தயங்கும் பெட்டிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிகளின் லேபிளை அவர் வாயில் வரும் சொல்லுக்கே மாற்றுங்கள்.